கண் மறைக்கும் உழைப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பியக் கண் மருத்துவர்களிடம் ஒரே வகையான முறையீட்டோடு பலர் வந்துகொண்டிருந்தார்கள். தையல்காரர்கள், பூவேலை செய்யும் பெண்கள், கணக்கெழுதுபவர்கள், மாணவர்கள் என்று பெரும்பாலும் இளவயதினர். வேலையைத் தொடங்கும்போது எல்லாம் துலக்கமாகத் தெரியும். நேரம் போகப்போக எழுத்து கலங்கும், தையல் இழை மங்கும், புருவத்துக்கு மேலே வலி பிடிக்கும். கண்ணை மூடிச் சற்று ஓய்ந்தால் தெளிவு திரும்பும்; வேலையில் அமர்ந்தால் மறுபடி கலங்கும். மருத்துவர் சோதித்தால் கண்ணில் சிவப்பு இல்லை, புரை இல்லை, புண் இல்லை. தொலைவில் இருப்பதை அவர்களால் நன்றாகவே படிக்க முடிந்தது.

நோய் எங்கே என்று தெரியாததால் விழித்திரையின் மீதும் நரம்பின் மீதும் பழி போட்டார்கள். குவிலென்ஸ் கண்ணாடி முதியவர்களுக்கு உரியது, அதை இளையவர்களுக்குக் கொடுத்தால் கண் கெட்டுவிடும் என்ற நம்பிக்கை வேரூன்றியிருந்தது. அதனால், உதவியிருக்கக்கூடிய ஒரே பொருளும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. தொழிலை விட்டுவிடு, வயல்வேலைக்குப் போ, கடல் கடந்து குடியேறி ஆடுமாடு மேய்த்துப் பிழை என்ற அளவுக்கு ஆலோசனைகள் சென்றன. பார்வை தெளிவாக இருந்தும் கண்ணால் பிழைக்க முடியாமல் போன மனிதர்கள் அவர்கள்.

இந்தப் புதிரை அவிழ்த்தவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து மருத்துவர் ஃபிரான்சிஸ்கஸ் டோண்டர்ஸ். விழியின் ஒளிவிலகல் குறைபாடுகளையும் ஏற்பமைவுக் குறைபாடுகளையும் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1864இல் வெளிவந்தது. இந்தக் களைப்புக்குப் பெரும்பாலும் காரணம் விழித்திரையோ நரம்போ அல்ல, தூரப்பார்வையே என்று அதில் அவர் நிறுவினார். முதுமையில் எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்தும் பிறவியிலேயே அமையும் தூரப்பார்வையும் அதுவரை ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. அவற்றை இரண்டாகப் பிரித்துக் காட்டியதும் அவர்தான். பொருத்தமான குவிலென்ஸைக் கண்முன் வைத்ததும் அந்தத் தையல்காரர்கள் வேலைக்குத் திரும்ப முடிந்தது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் தூரப்பார்வை இன்றும் ஒளிந்துகொள்வதில் வல்லதாகவே இருக்கிறது. அது எப்படி ஒளிகிறது என்று புரிந்துகொண்டால், அதைக் கண்டுபிடிப்பதும் கையாள்வதும் எளிதாகிவிடும்.

ஒரு மில்லிமீட்டரின் விலை

கண்ணுக்குள் நுழையும் ஒளியை இரண்டு பகுதிகள் வளைக்கின்றன. முதலாவது, கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் கார்னியா. இரண்டாவது, கண்பாவைக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ். லென்ஸ்களின் வளைக்கும் திறனை டயாப்டர் என்ற அலகால் அளக்கிறோம். கடைக்காரர் ‘பவர்’ என்று சொல்வது இதைத்தான். முழுக் கண்ணின் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கார்னியாவே செய்துவிடுகிறது.

வளர்ந்த மனிதரின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளம். வளைக்கும் திறனும் இந்த நீளமும் சரியாகப் பொருந்தினால், தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரையின் மேலேயே குவியும். கண் சற்றுக் குட்டையாக இருந்தாலோ கார்னியா சற்றுத் தட்டையாக இருந்தாலோ, ஒளி குவிவதற்கு முன்பே விழித்திரை குறுக்கே வந்துவிடும். குவியும் இடம் விழித்திரைக்குப் பின்னால் தள்ளிப்போகும். தூரப்பார்வை என்பது இதுதான். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் ஏறத்தாழ 3 டயாப்டர் தூரப்பார்வை உண்டாகிறது. நெல்மணியின் தடிமன்கூட இல்லாத ஒரு வித்தியாசம், ஒருவர் நாள்முழுதும் எப்படிப் பார்க்கிறார் என்பதைத் தீர்மானிக்கிறது.

பத்தாம் வகுப்புப் பாடத்தில் படித்தது பலருக்கு நினைவிருக்கும்: தூரப்பார்வை உள்ளவருக்குத் தொலைவில் இருப்பவை தெளிவாகத் தெரியும், அருகில் இருப்பவை மங்கும். தேர்வுக்கு இது போதும். ஆனால் மேலே சொன்ன கணக்கை மறுபடி பார்த்தால் ஒரு கேள்வி எழ வேண்டும். தொலைவிலிருந்து வரும் ஒளியே விழித்திரைக்குப் பின்னால்தானே குவிகிறது? அப்படியானால் தொலைவும் மங்கத்தானே வேண்டும்? ஆம், கண் சும்மா இருந்தால் மங்கத்தான் செய்யும். கண் சும்மா இருப்பதில்லை.

லென்ஸ் புடைக்கும் விதம்

கண்ணின் லென்ஸ் வடிவம் மாறக்கூடியது. அதைச் சுற்றி வளையமாக சிலியரித் தசை இருக்கிறது. லென்ஸை அந்தத் தசையோடு இணைப்பவை மெல்லிய இழைகள். தசை சுருங்கும்போது வளையம் சிறுத்து இழைகள் தளர்கின்றன. தளர்ந்ததும் லென்ஸ் தன் இயல்பான நெகிழ்ச்சியால் புடைத்துக்கொள்கிறது. புடைத்த லென்ஸ் ஒளியை அதிகமாக வளைக்கும். அருகில் இருப்பதைப் பார்க்க எல்லோருக்கும் இது தேவை. இதையே விழி ஏற்பமைவு என்கிறோம்.

இது லென்ஸின் வேலை என்று நிறுவுவதற்கு ஒருவர் தன் கண்ணையே ஆய்வுக்கூடமாக்கினார். 1801இல் இங்கிலாந்தின் தாமஸ் யங், நீர் நிரம்பிய சிறு குழலைத் தன் கண்ணோடு பொருத்திக்கொண்டு பார்த்தார். நீருக்குள் கார்னியாவின் வளைக்கும் திறன் ஏறக்குறையக் காணாமல் போய்விடும். அப்போதும் அவரால் அருகிலும் தொலைவிலும் குவியத்தை மாற்ற முடிந்தது. ஆகவே கார்னியா காரணம் அல்ல. பிறகு விழிக்கோளத்தை முன்னும் பின்னும் உலோகத்தால் அழுத்திப் பிடித்து, அதன் நீளம் மாற வழியில்லாமல் செய்தார். அப்போதும் ஏற்பமைவு நடந்தது. ஆகவே விழி நீளுவதும் காரணம் அல்ல. மிஞ்சியது லென்ஸ் மட்டுமே. அது எப்படிப் புடைக்கிறது என்ற விளக்கத்தை 1855இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கொடுத்தார்.

யங்கின் சோதனைக்கு இன்றும் ஒரு பயன் உண்டு. விழியைச் சுற்றியுள்ள தசைகளே அதன் நீளத்தை மாற்றுகின்றன, பயிற்சியால் அவற்றைத் தளர்த்தினால் கண்ணாடியைத் தூக்கி எறியலாம் என்று அமெரிக்காவின் வில்லியம் பேட்ஸ் 1920இல் ஒரு நூல் எழுதினார். அதன் வழிவந்த கண் பயிற்சிகள் இன்றும் நம் ஊர்களில் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. ஆனால் அவருடைய அடிப்படைக் கருத்தை யங் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சோதித்து நிராகரித்துவிட்டார். குட்டையான விழியை நீளமாக்கும் பயிற்சி எதுவும் கிடையாது. கேரட்டும் பொன்னாங்கண்ணிக் கீரையும் உடம்புக்கு நல்லவை. பவரை அவை மாற்றுவதில்லை.

தூரப்பார்வை உள்ள கண், அருகில் பார்ப்பதற்காக இயற்கை கொடுத்த இந்தத் தசையைத் தொலைவில் பார்ப்பதற்கும் பயன்படுத்திக்கொள்கிறது. மற்றவர்களின் கண் தொலைவானத்தைப் பார்க்கும்போது ஓய்வெடுக்கிறது. இவர்களின் கண் அப்போதும் வேலை செய்கிறது. விழித்த நேரம் முதல் உறங்கும் வரை அதற்கு ஓய்வே இல்லை. கிடைக்கும் பிம்பம் தெளிவாக இருப்பதால், இந்த உழைப்பு பார்ப்பவருக்கே தெரிவதில்லை.

பிறக்கும்போது கூடவரும் பவர்

தூரப்பார்வையை நோய் என்று எண்ணுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் பெரும்பாலோர் அதோடுதான் பிறக்கிறோம். பிறந்த குழந்தையின் கண் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளமே உடையது. அவ்வளவு குட்டைக் கண்ணை ஈடுசெய்யும் அளவுக்கு அதன் கார்னியாவும் லென்ஸும் அதிகமாக வளைந்திருக்கின்றன. ஆனாலும் முழுதாக ஈடாவதில்லை. சராசரியாக 2 முதல் 3 டயாப்டர் வரை மிச்சமிருக்கும். முதல் இரண்டு ஆண்டுகளில் கண் நீள நீள, பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த மிச்சம் வேகமாகக் கரைகிறது.

வளர்ச்சி இவ்வளவு துல்லியமாக எங்கே நிற்க வேண்டும் என்று கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? கோழிக்குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனைகள் விடை தந்தன. 1980களின் இறுதியில் ஆய்வாளர்கள் குஞ்சுகளின் கண்முன் லென்ஸ்களைப் பொருத்தினார்கள். பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் தள்ளப்பட்ட கண்கள் வேகமாக நீண்டன. முன்னால் இழுக்கப்பட்ட கண்கள் வளர்ச்சியை மெதுவாக்கிக்கொண்டன. விழித்திரை, பிம்பம் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று உணர்ந்து, கண்ணின் வளர்ச்சியைத் தானே வழிநடத்துகிறது.

ஆகவே பள்ளி சேரும் வயதில் குழந்தையின் பரிசோதனைத் தாளில் தூரப்பார்வையைக் குறிக்கும் சிறிய பிளஸ் எண் இருந்தால் பெற்றோர் பதற வேண்டியதில்லை. அது இருப்பது நல்லது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் வகுப்பில் +0.75 டயாப்டருக்கும் குறைவான மிச்சம் உள்ள குழந்தைகளுக்கே பின்னாளில் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. சிறு தூரப்பார்வை அந்த வயதுக்கு ஒரு சேமிப்பு. மிச்சம் கரையாமல் பெரிதாகவே தங்கிவிடும்போதும், இரண்டு கண்களுக்கு இடையே வேறுபாடு இருக்கும்போதும்தான் கவலை தொடங்குகிறது.

+3 உள்ள ஒருவரின் வாழ்க்கை

லென்ஸின் நெகிழ்ச்சி வயதோடு குறைகிறது. எந்த வயதில் எவ்வளவு ஏற்பமைவுத் திறன் இருக்கும் என்று டோண்டர்ஸ் ஒரு பட்டியல் தந்தார்: பத்து வயதில் 14 டயாப்டர், முப்பதில் 7, நாற்பதில் 4.5, ஐம்பதில் 2.5, அறுபதில் 1. பின்னாளில் இந்த எண்கள் சற்றுத் திருத்தப்பட்டாலும் அவை காட்டும் சரிவு மாறவில்லை. இதை வைத்துக்கொண்டு, +3 டயாப்டர் தூரப்பார்வை உள்ள, கண்ணாடி போடாத ஒருவரின் வாழ்க்கையைப் பின்தொடரலாம்.

பத்து வயதில் அவரிடம் 14 டயாப்டர் இருக்கிறது. கரும்பலகையைப் பார்க்க 3 செலவாகும். 33 சென்டிமீட்டர் தொலைவில் புத்தகம் படிக்க எல்லோருக்கும் 3 தேவை. அதையும் சேர்த்தால் 6. இருப்பில் பாதிகூட ஆகவில்லை. குழந்தை எல்லாவற்றையும் படிக்கிறது. பார்வையில் குறை என்று யாரும் சந்தேகிப்பதில்லை.

முப்பதில் இருப்பு 7. படிக்க வேண்டியது அதே 6. ஒரு தசை தன் முழுத் திறனுக்கு அருகில் மணிக்கணக்காக வேலை செய்தால் என்ன ஆகும் என்று, நீர் நிறைந்த குடத்தை நீட்டிய கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாலையில் தலைவலி, கண் எரிச்சல், எழுத்துக் கலக்கம் எல்லாம் வரும். டோண்டர்ஸிடம் வந்த தையல்காரர்கள் நின்ற இடம் இதுதான். இன்று கணினித் திரையின் முன் அமரும் பலர் அதே இடத்தில் நிற்கிறார்கள். மைக்ரேன் என்றும் சைனஸ் என்றும் நினைத்து மாத்திரை வாங்கிக்கொள்கிறார்கள். தலைவலி எல்லாவற்றுக்கும் கண் காரணம் அல்ல. ஆனால் படிப்பிலும் திரையிலும் கூடி, விடுமுறையில் குறையும் தலைவலி கண்ணைச் சோதிக்கச் சொல்கிறது.

நாற்பதில் இருப்பு 4.5. தொலைவுக்கான 3 போக மீதி 1.5. கையை நீட்டிப் பிடித்தாலும் செய்தித்தாள் எழுத்து தெரியாது. மற்றவர்களுக்கு நாற்பதைக் கடந்து வரும் வெள்ளெழுத்து இவருக்கு முப்பதுகளின் நடுவிலேயே வந்துவிடுகிறது. ஐம்பதில் இருப்பு 2.5. தொலைவுக்கே போதாது. பேருந்தின் பலகை மங்குகிறது. இளமையில் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ஊர்ப்பெயரைப் படித்துச் சொன்னவர், திடீரென்று இரண்டு பார்வையும் போய்விட்டதாகத் திகைக்கிறார். கண்ணில் புதிதாக எதுவும் நிகழவில்லை. பிறவியிலிருந்த குறையைத் தாங்கிக்கொண்டிருந்த தசையும் லென்ஸும் ஓய்ந்துவிட்டன, அவ்வளவுதான்.

6/6 சொல்லாத செய்தி

பத்து வயதுக் குழந்தையைப் பள்ளிக் கண் பரிசோதனையில் நிறுத்துகிறோம். எதிரே எழுத்துப் பலகை. டோண்டர்ஸின் உட்ரெக்ட் சகாவான ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் வடிவமைத்த பலகையின் வழிவந்தது அது. கிட்டப்பார்வை உள்ள குழந்தை அதில் உடனே சிக்கிவிடும். அதன் கண்ணுக்குத் தொலைவை வெல்ல வழியே இல்லை. தூரப்பார்வை உள்ள குழந்தையோ தசையை இறுக்கிக் கடைசி வரி வரை படித்துவிடும். 6/6, கண் நன்றாக இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிடுகிறோம்.

அந்தக் குழந்தைதான் வீட்டில் புத்தகத்தை எடுத்ததும் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறது. கண்ணைக் கசக்குகிறது, வரியைத் தவறவிடுகிறது, படம் வரைவதையும் கோலம் போடுவதையும் தவிர்க்கிறது. வெளியே ஓடி விளையாடுவதில் குறையே இல்லை. படிப்பில் நாட்டமில்லை, அடம் பிடிக்கிறது என்ற பெயர் அதற்கு வந்து சேருகிறது. தனக்கு எழுத்து கலங்குகிறது என்று அது சொல்வதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 6 டயாப்டர் வரை தூரப்பார்வை இருந்தும் கண்ணாடி போடாதவர்கள் எழுத்தறிவின் தொடக்கப் படிகளில் மற்றக் குழந்தைகளைவிடப் பின்தங்கியிருந்தார்கள். அருகுப்பார்வையும் குறைந்திருந்தவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் அதிகமாக இருந்தது.

இந்தக் குறையை வெளிக்கொணர இரண்டு வழிகள் உண்டு. முதலாவது பள்ளியிலேயே செய்யக்கூடியது. +1.5 அல்லது +2 லென்ஸைக் குழந்தையின் கண்முன் வைத்து, தொலைப் பலகையை மறுபடி படிக்கச் சொல்ல வேண்டும். நல்ல கண்ணுக்கு அந்த லென்ஸ் வழியே தொலைவு மங்கும். லென்ஸை வைத்த பிறகும் குழந்தை சிறு எழுத்துகளைப் படித்துவிட்டால், அதன் கண் அந்த லென்ஸின் உதவிக்காகக் காத்திருந்தது என்று பொருள். மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது மருத்துவமனையில் நடப்பது. சொட்டு மருந்தோ, சிறு குழந்தைகளுக்குக் களிம்போ போட்டு, சிலியரித் தசையைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்கிறார்கள். தசை மறைத்துக்கொண்டிருந்த உண்மையான பவர் அப்போதுதான் வெளியே வரும். குழந்தை பதில் சொல்லவே வேண்டாம். கண்ணுக்குள் ஒளிக்கீற்றை அசைத்து, அது திரும்பி வரும் விதத்தை வைத்தே மருத்துவர் பவரை அளந்துவிடுவார். கைக்குழந்தைக்கும் இது முடியும். மருந்து போட்ட நாளில் வெயில் கூசும், படிக்க முடியாது. மருந்தைப் பொறுத்து ஒரு நாளிலிருந்து இரண்டு வாரம் வரை அது நீடிக்கும். அந்தச் சிரமத்துக்கு அஞ்சி, மருந்து போடாமல் கணினிக் கருவியில் மட்டும் பார்த்து அனுப்பச் சொல்லும் பெற்றோர் உண்டு. குழந்தையின் பவரை மருந்து போடாமல் அளப்பது, பாதிக் கணக்கைப் பார்த்துவிட்டு விடை எழுதுவதில் முடியும்.

மாறுகண்ணும் சோம்பேறிக் கண்ணும்

அருகில் பார்க்கும்போது இரண்டு செயல்கள் ஒன்றாக நடக்கின்றன: லென்ஸ் புடைக்கிறது, இரண்டு கண்களும் மூக்கை நோக்கித் திரும்புகின்றன. மூளை இவ்விரண்டையும் ஒரே கட்டளையில் பிணைத்து வைத்திருக்கிறது. தூரப்பார்வை உள்ள குழந்தை தெளிவுக்காக லென்ஸை அளவுக்கு மீறிப் புடைக்க வைக்கும்போது, கண்களும் அளவுக்கு மீறி உள்ளே திரும்பப் பார்க்கின்றன. சில குழந்தைகளால் அதைத் தடுக்க முடிவதில்லை. ஒரு கண் உள்நோக்கித் திரும்பி மாறுகண் ஆகிவிடுகிறது. பெரும்பாலும் இரண்டு, மூன்று வயதில் இது தொடங்கும். முதலில் களைத்த நேரத்தில் மட்டும் தெரியும், பிறகு நிலைத்துவிடும். இந்தத் தொடர்பையும் தெளிவாக்கியவர் டோண்டர்ஸ்தான்.

மாறுகண் அதிர்ஷ்டம், வளர்ந்தால் தானே சரியாகிவிடும் என்ற பேச்சு நம்மிடையே இன்னும் இருக்கிறது. அந்த நம்பிக்கையில் கழியும் ஒவ்வொரு மாதமும் குழந்தைக்கு இழப்பு. திரும்பிய கண்ணிலிருந்து வரும் பிம்பத்தை மூளை ஒதுக்கத் தொடங்கும். ஒதுக்கப்பட்ட கண்ணின் பார்வை வளராமல் நின்றுவிடும். இதுவே சோம்பேறிக் கண். மாறுகண் இல்லாமலும் இது வரலாம். ஒரு கண்ணில் பவர் இல்லை, மறுகண்ணில் +2 என்றால், மூளை நல்ல கண்ணையே நம்பி மற்றதைக் கைவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு எதுவும் தெரியாது. ஒரு கண்ணை மூடிச் சோதிக்கும் நாளில்தான் தெரியவரும், பலருக்கு ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது.

நல்ல செய்தி, சிறுவயதில் இதற்குச் சிகிச்சை உண்டு. தூரப்பார்வையால் வந்த மாறுகண்ணில், பவரை முழுதாகத் திருத்தும் கண்ணாடியே பல குழந்தைகளின் கண்களை நேராக்கிவிடுகிறது. அறுவைச் சிகிச்சைகூடத் தேவைப்படுவதில்லை. கண்ணாடியைக் கழற்றினால் கண் மறுபடி திரும்பும். அதைக் கண்டு, கண்ணாடியால்தான் கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது. சோம்பேறிக் கண்ணுக்குக் கண்ணாடியோடு நல்ல கண்ணை நாளுக்குச் சில மணி நேரம் மறைத்து, பின்தங்கிய கண்ணை வேலை வாங்குகிறார்கள். ஏழு வயதுக்கு முன் தொடங்கினால் பலன் அதிகம். பிந்தித் தொடங்கினாலும் முயல்வது வீண் அல்ல. ஆனால் ஆண்டுகள் போகப்போகக் கிடைப்பது குறையும்.

கண்ணாடி போடும் முதல் வாரங்கள்

பிளஸ் எண் உள்ள எல்லோருக்கும் கண்ணாடி வேண்டியதில்லை. சிறு பவர் உள்ள, தொந்தரவில்லாத, கண் நேராக உள்ள குழந்தையை மருத்துவர் சும்மா கவனித்து வருவார். பவர் அதிகமாக இருந்தாலோ, இரு கண்களுக்கும் வேறுபாடு இருந்தாலோ, கண் திரும்பினாலோ, படிக்கச் சிரமப்பட்டாலோ எழுதிக்கொடுப்பார்.

புதுக் கண்ணாடியைப் போட்டதும், முன்பு நன்றாகத் தெரிந்த தொலைவு இப்போது மங்குகிறது என்று குழந்தை சொல்லலாம். பல கண்ணாடிகள் இந்தக் கட்டத்தில்தான் மேசை இழுப்பறைக்குள் போய்விடுகின்றன. பவர் தவறு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஆண்டுக்கணக்காக இறுகியே பழகிய தசை, லென்ஸ் வந்த உடனே தளர்ந்துவிடாது. கண்ணாடியும் தசையும் சேர்ந்து பவரை அதிகமாக்குவதால் தொலைவு மங்குகிறது. தொடர்ந்து போட்டால் சில வாரங்களில் தசை தளர்ந்து தெளிவு வரும். வராவிட்டால் மருத்துவரிடம் திரும்பக் காட்டலாம். பெரியவர்களுக்கு இதனாலேயே சில சமயம் பவரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். கண்ணாடி போட்டுப் பழகினால் பவர் ஏறும் என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. குழந்தைகளின் பிளஸ் பவர் கண் வளரும்போது பெரும்பாலும் குறையவே செய்யும். பெரியவர்களிடம் முன்பு மறைந்திருந்த பவர் வெளியே தெரிவதை ஏற்றம் என்று தவறாக எண்ணுகிறோம்.

வீட்டில் இருக்கும் கண்ணாடி எந்த வகை என்று அறிய, அதை அச்செழுத்தின் மேல் சற்றுத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். எழுத்து பெரிதானால் பிளஸ், சிறிதானால் மைனஸ். பிளஸ் லென்ஸ் நடுவில் தடித்திருப்பதால் பவர் கூடக்கூட எடை கூடும், கண்கள் பெரிதாகத் தோன்றும். சிறிய ஃபிரேம் தேர்ந்தெடுத்தால் தடிமன் நன்கு குறையும். கான்டாக்ட் லென்ஸும் பலருக்கு ஒத்துவரும். பதினெட்டு வயது கடந்து பவர் நிலைத்தவர்களுக்கு லேசர் சிகிச்சை உண்டு. கார்னியாவின் ஓரத்தைச் செதுக்கி நடுவை மேடாக்குகிறார்கள். கிட்டப்பார்வைக்குச் செய்யும் லேசரைவிட இதன் பலன் சற்று நிச்சயமற்றது. பவர் ஓரளவு திரும்பி வரலாம். அதிகப் பவருக்கு இது பொருந்துவதில்லை.

லென்ஸ் இல்லாத கண்

தூரப்பார்வையின் உச்சம், லென்ஸே இல்லாத கண். கண்புரை அறுவையில் மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு அப்படியே விட்டால், அந்தக் கண் கார்னியாவை மட்டுமே நம்பியிருக்கும். அதற்கு ஏறத்தாழ +10 பவர் கண்ணாடி தேவைப்படும். கண் முகாம்களில் ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பிய தாத்தா பாட்டிகள் சோடாபுட்டிக் கண்ணாடியோடு நடமாடியதைப் பார்த்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி உலகத்தை ஏறத்தாழக் கால் பங்கு பெரிதாக்கிக் காட்டும். படியின் உயரமும் டம்ளரின் இடமும் பிசகும். பக்கவாட்டில் வருவது தெரியாது. கண்ணாடி உடைந்தால் பார்வையும் போயிற்று.

1949இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் பொருத்தினார். ஆனால் அதன் விலை பல பத்தாண்டுகள் ஏழைகளுக்கு எட்டாமலே இருந்தது. மதுரையில் 1976இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் நிறுவனத்தை அமைத்து இந்த லென்ஸை இங்கேயே மிகக் குறைந்த விலையில் தயாரித்தது. சோடாபுட்டிக் கண்ணாடிகள் நம் தெருக்களிலிருந்து மறைந்ததில் அந்த முயற்சிக்குப் பெரும் பங்கு உண்டு.

குட்டைக் கண்ணின் எச்சரிக்கைகள்

தூரப்பார்வை உள்ளவர்கள் நாற்பதைக் கடந்ததும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குட்டையான கண்ணில் முன்பகுதி நெருக்கமாக இருக்கும். வயதாக ஆக லென்ஸ் தடித்து, கண்பாவையைச் சுற்றியுள்ள ஐரிஸை முன்னே தள்ளும். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் கோணம் குறுகி, சிலருக்கு அடைபட்டே போகும். கண் அழுத்தம் சட்டென்று உயர்ந்து, கடும் கண்வலி, சிவப்பு, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் எல்லாம் வரும். இது சில மணி நேரத்திலேயே பார்வையைப் பறிக்கக்கூடிய அவசர நிலை. வாந்தியைக் கண்டு வயிற்றுக் கோளாறு என்று நினைத்துத் தாமதித்துவிடக் கூடாது. இந்த வகைக் கண் நீர் அழுத்த நோய் ஆசியர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. சத்தமில்லாமல் மெல்ல வளரும் வடிவமும் இதற்கு உண்டு. பிளஸ் கண்ணாடி போடும் நடுவயதினர் பவரோடு கண் அழுத்தத்தையும் கோணத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். கோணம் ஆபத்தான அளவு குறுகியிருந்தால் ஐரிஸில் லேசரால் சிறு துளையிட்டு ஆபத்தைத் தவிர்க்க முடியும்.

பெரியவருக்குப் புதிதாக பிளஸ் பவர் கூடினால் காரணத்தைத் தேட வேண்டும். மிக உயர்ந்திருந்த ரத்தச் சர்க்கரையைச் சிகிச்சையால் வேகமாகக் குறைக்கும்போது, லென்ஸின் நீர்ச்சமநிலை மாறிச் சில வாரங்களுக்குத் தூரப்பார்வை வருவதுண்டு. சர்க்கரை நிலைப்படும் வரை புதுக் கண்ணாடி வாங்காமல் காத்திருப்பதே சிக்கனம். ஒரு கண்ணில் மட்டும் வந்தால் விழித்திரை வீக்கமோ கண்ணுக்குப் பின்னால் அழுத்தும் கட்டியோ காரணமாக இருக்கலாம். ஆறு மாதம் விண்வெளியில் தங்கித் திரும்பிய ஏழு வீரர்களைப் பற்றி 2011இல் வெளிவந்த ஆய்வு, அவர்களில் சிலருக்கு விழியின் பின்புறம் தட்டையாகித் தூரப்பார்வை வந்திருந்ததைக் காட்டியது. கண்ணின் நீளம் எவ்வளவு நுட்பமான சமநிலையில் நிற்கிறது என்பதற்கு இது சான்று.

தூரப்பார்வையைக் கையாளத் தேவையானவை அனைத்தும் நம்மிடம் இருக்கின்றன. சோதிக்கும் லென்ஸ் விலை குறைந்தது. சொட்டு மருந்து மாவட்ட மருத்துவமனைகளிலும் உண்டு. கண்ணாடி பழைய கண்டுபிடிப்பு. மாற வேண்டியது நாம் கேட்கும் கேள்வி. தெரிகிறதா என்று கேட்டு நிறுத்திக்கொள்ளும் பரிசோதனை, தூரப்பார்வை உள்ள குழந்தையைக் கைவிட்டுவிடுகிறது. எவ்வளவு பாடுபட்டுத் தெரிகிறது என்றும் கேட்க வேண்டும். பள்ளியில் எழுத்துப் பலகையோடு ஒரு பிளஸ் லென்ஸும் இருக்கட்டும். மூன்று வயதுக்குள் ஒருமுறையும் பள்ளி சேரும்போது ஒருமுறையும் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிக்கட்டும். கண் திரும்பும் குழந்தைக்கும், குடும்பத்தில் அதிக பிளஸ் பவரோ மாறுகண்ணோ உள்ள குழந்தைக்கும் மருந்து போட்ட பரிசோதனை தவறாமல் நடக்கட்டும். புத்தகத்தைக் கண்டாலே ஓடும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் அதன் கண்ணைச் சோதித்துப் பார்ப்பது பெற்றோரும் ஆசிரியரும் செய்யக்கூடிய முதல் நியாயம்.